நரகத்துக்கு நுழைவுச் சீட்டு

சிங்கப்பூருக்குப் போயிருந்தபோது, அங்கே கூலி வேலை செய்யும் தேவாரத்துத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மை நரகத்துக்கு அழைத்துப் போனார்கள். சீட்டு வாங்கி உள்ளே போய், பத்துக் கோர்ட்டுகளையும் பார்த்துவிட்டு, ஒரு ரோமங்கூடக் கருகாமல் சுகமாகவே திரும்பி வந்தோம்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. டைகர் பாம் என்னும் தைலத்தை விற்றுப் பெரும் பணம் சேர்த்த ஆ பூன் ஹா என்ற சீன வியாபாரி, தம் தம்பிக்காக 1937-ல் அங்கே ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்தார். ஹா பார் வில்லா என்னும் அத்தோட்டத்துப் பொம்மைகளில் பேர்போனவை ‘நரகத்தின் பத்து நீதிமன்றங்கள்.’ 2021 அக்டோபர் முதல் அவை ‘நரக அருங்காட்சியகம்’ என்ற பெயரில், கட்டணத்தோடு காட்டப்படுகின்றன.

அங்கே விசாரிக்கும் ராஜாக்களில் ஒருவன் நம்முடைய எமனேதான். பௌத்தத்தோடு சீனாவுக்குக் குடியேறியவன். அவன் ஆட்கள் நாக்கைப் பிடுங்குகிறார்கள். மாரைப் பிளந்து இருதயத்தை எடுக்கிறார்கள். வாடகை கொடுக்காதவனைக் கல் சம்மட்டியால் இடிக்கிறார்கள். ஜனங்களைக் கலகத்துக்குத் தூண்டினவனைப் பழுக்கக் காய்ச்சிய செம்புத் தூணில் கட்டுகிறார்கள். அந்தப்படி பார்த்தால் நமக்கும் அங்கே ஓர் இடம் தயார்!

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அநியாய வட்டிக்காரனையும் அங்கே கத்தி மலையில் எறிகிறார்கள். அதைக் கண்ட தோழர் ஒருவர், “சரியான தண்டனை!” என்று சந்தோஷப்பட்டார்.

“வட்டிக்காரனை எப்போது எறிகிறார்கள்?” என்று கேட்டோம்.

“செத்த பிறகு.”

“கடன் வாங்கினவன் எப்போது கஷ்டப்படுகிறான்?”

தோழர் வாய் திறக்கவில்லை.

நரகத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். செத்தபின் தண்டனை என்பது, சாகிறவரை கொள்ளையடிக்கக் கொடுத்த லைசென்ஸ். கடைசிக் கோர்ட்டில் ஒரு கிழவி மறதித் தேநீர் கொடுத்து, எல்லாவற்றையும் மறக்கச் செய்து மறுபிறவிக்கு அனுப்புகிறாளாம். பட்ட அடியே ஞாபகமில்லாதவன் திருந்துவது எப்படி?

நிற்க. நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண், புருஷன் செத்தால் என்ன செய்கிறாள்? கருட புராணம் சொல்லும் வைதரணி ஆற்றை அவன் தாண்ட வேண்டுமென்று கடன் வாங்கிக் கோதானம் கொடுக்கிறாள். செத்தவன் ஆற்றைத் தாண்டினானா என்று பார்த்து வந்தவர் யாருமில்லை. இருப்பவள் கடனைத் தாண்டாததை ஊரே பார்க்கிறது.

அந்தப் பொம்மைகளை உடைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றைச் செய்த கைகள் கெட்டிக்காரக் கைகள். மனிதன் எதற்கெல்லாம் பயந்தான் என்று நம் பிள்ளைகள் பார்க்கட்டும்; பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பட்டும். நரகம் இருக்க வேண்டிய இடம் அருங்காட்சியகமே, சாவு வீடல்ல.

தோழர்களே! அங்கே நரகத்தைப் பார்க்கச் சீட்டு வாங்கினால் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். இங்கே கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நுழைந்தவர்கள் எப்போது வெளியே வரப்போகிறார்கள்? அடுத்த சாவு உங்கள் வீட்டில் விழும்போது, புரோகிதரைக் கூப்பிடுமுன் இதை யோசியுங்கள்.