முட்டி கிழிஞ்சுதா? பை ரெடி!

முட்டி கிழிஞ்ச ஜீன்ஸைத் தூக்கிப் போடாதீங்க. தொடைப் பக்கத் துணி இன்னும் கெட்டியாத்தான் இருக்கும்.

முட்டிக்கு மேலே ஒரு வெட்டு, தொடை ஆரம்பத்தில் ஒரு வெட்டு. உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி, அடியில் ரெட்டைத் தையல். வாய்ப்புறத்தை மடிச்சுத் தைச்சுடுங்க. முட்டிக்குக் கீழே மிஞ்சின துணியில் 3 இஞ்ச் பட்டை வெட்டி மடிச்சுத் தைச்சா, கைப்பிடி. டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் ரெண்டும் அடங்கும். ஒரு ஜீன்ஸுக்கு ரெண்டு பை! மெல்லிய ஊசி ஒடிஞ்சுடும். 16-ம் நம்பர் ஊசி மாட்டுங்க.

தைக்கத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை அம்மா பக்கத்துல உக்காருங்க. பழைய புடவையை மிதியடியாவும், வேட்டியைக் கரித்துணியாவும் மாத்தினவங்க அவங்க. உங்க செமஸ்டர் ஃபீஸுக்குள்ள இப்படி எத்தனை சிக்கனம் ஒளிஞ்சிருக்குன்னு அப்பத்தான் புரியும்.

2019 ஜனவரி 1-லேயே தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை வந்தாச்சு. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை'ன்னு கூப்பிட்டாச்சு. கடலூரில் வீசுற கவர் கெடிலத்தில் விழுந்தா கடலுக்குப் போகும். சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் விட்டா சுரபுன்னை வேரில் சிக்கிக்கும்.

கிளாஸ்ல 'எங்கடா வாங்கின?'ன்னு கேட்டா, 'எங்க வீட்டு பிராண்ட்'னு கெத்தா சொல்லுங்க!