ஷியான் தெருவில் ஒரு தட்டு லியாங்பி

“சைனாவுல என்னதான் சாப்பிட்டே? பாம்பா, தேளா?” ஊர் திரும்பிய நாளிலிருந்து என்னிடம் இதைக் கேட்காத சொந்தக்காரர்களே இல்லை. இந்த வாரம் அவர்களுக்கும் சேர்த்தே பதில்!

முதலில் ஒரு விஷயம். நம்ம தெருமுனைக் கடையில் சுடச்சுடத் தட்டில் விழும் கோபி மஞ்சூரியனுக்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை. மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல் கலைஞர் 1970-களில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிக்கன் மஞ்சூரியனின் தம்பிதான் அது. இந்தக் கோடையில் நான் ஐந்து வாரம் தங்கியிருந்த ஷியான் நகரத்தில் அந்தப் பெயரே யாருக்கும் தெரியவில்லை.

ஷியானின் பழைய பெயர் சாங்கான். பட்டுப் பாதையின் கிழக்கு முனை. பள்ளிக்கூடப் பாடத்தில் வருவாரே, காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிய யுவான் சுவாங், அவர் 645-ல் இந்தியாவிலிருந்து சுவடிகளோடு திரும்பி வந்தது இந்த ஊருக்குத்தான். அதே பட்டுப் பாதையில் வந்த வணிகர்களின் வழித்தோன்றல்களான ஹுய் முஸ்லிம்கள் இன்றும் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் வாழ்கிறார்கள். சாயங்காலம் அந்தத் தெருக்களில் நுழைந்தால் கரியடுப்பில் ஆட்டுக்கறி, மேலே மிளகாய்த்தூள், சீரகம். ஆமாம், நம்ம சீரகம்தான்! கண்ணை மூடினால் வேறு நாடு என்றே தோன்றாது.

அங்கே ‘பாவ்மோ’ என்று ஒன்று உண்டு. கெட்டியான ரொட்டியையும் காலிக் கிண்ணத்தையும் நம் கையில் கொடுத்துவிடுவார்கள். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போடுவது நம் வேலை. அதன் பிறகுதான் ஆட்டுக்கறிக் குழம்போடு சேர்த்துக் கொதிக்கவைத்துத் தருவார்கள். கால் மணி நேரம் இரண்டு கையும் ரொட்டியில் இருப்பதால் மொபைலைத் தொட முடியாது. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பிய்த்துக்கொண்டே பேசுகிறார்கள்.

ஆனால், என் மனதைப் பிடித்தது லியாங்பி. அரிசி மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, அப்படியே உரித்தெடுக்கிறார்கள். நம் வீட்டு இலை வடாம் மாதிரியேதான்! அதைக் காயவைக்காமல், ஆறியதும் ரிப்பன் போல நறுக்கி, வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, வினிகர், பூண்டுத் தண்ணீர், மிளகாய் எண்ணெய் விட்டுக் கலந்தால் தயார். கொளுத்தும் வெயிலுக்குச் சில்லென்று இறங்கும்.

நான் தங்கியிருந்த சந்து முனையில் ஒரு பாட்டி மூன்று சக்கர வண்டியில் லியாங்பி விற்றார். “லா?” என்று கேட்பார். காரம் வேண்டுமா என்று அர்த்தம். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒருநாள் வண்டியைக் காணவில்லை. இங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து மளிகைக் கடைக்காரர், மொபைல் மொழிபெயர்ப்பைத் தட்டிக் காட்டினார்.

சீன நகரங்களில் இது பழைய கதை. தெரு ‘சுத்தமாக’ இருக்க வேண்டும் என்று வண்டிகளை அகற்றுவார்கள். கொரோனாவில் வேலைகள் போனபோது, 2020 மே மாதம் அன்றைய பிரதமர் லி கச்சியாங், ஒரு நகரத்தில் 36,000 தெருக்கடைகளுக்கு இடம் ஒதுக்கியதில் ஒரு லட்சம் பேருக்கு வேலை கிடைத்ததாகப் பாராட்டிப் பேசினார். ஆனால், இது தங்களுக்குச் சரிவராது என்று சில நாட்களிலேயே தலைநகர் பெய்ஜிங்கின் அரசுப் பத்திரிகை எழுதிவிட்டது. சுற்றுலாத் தெருவில் விளக்கு போட்ட கடைகள் ஜொலிக்கின்றன. சந்துக்குள் நிற்கும் பாட்டிக்குத்தான் நாளைக்கு இடம் உண்டா என்று தெரியாது.

நீங்கள் எப்போதாவது ஷியான் போனால், பெரிய தெருவை ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுச் சந்துக்குள் நுழையுங்கள். சைவக்காரர்கள் “வோ ச்சி சூ” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நான் சைவம் என்று அர்த்தம். போவதற்கு முன்பே அலிபே ஆப்பில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். தள்ளுவண்டியிலும் க்யூஆர் கோடுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் இலை வடாம் தட்டில் லியாங்பி செய்து பார்த்தேன். வடிவம் வந்துவிட்டது. பாட்டியின் மிளகாய் எண்ணெய்தான் வரவில்லை. அதற்கு அந்தச் சந்துக்குத்தான் போக வேண்டும். அவரும் அங்கே இருக்க வேண்டும்.