வட்டில் பதியுமுன் ஒலியைக் கேளுங்கள்

எங்கள் பள்ளி தோட்டத்துக்குள் இருந்த காலத்தில் நடந்த கடைசி ஆண்டுவிழா 1997இல் ஒளிநாடாவில் பதிவு செய்யப்பட்டது. பின்னர்த் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட, பள்ளியும் பட்டணத்து ஓரத்திற்கு இடம்பெயர்ந்தது. 2006இல் அந்த நாடாவை டிவிடி வட்டாக்கித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தோம். வட்டு அழகாகவே வந்தது. முகப்பில் பூக்கள் சுழன்றன. மாணவர் பெயர்கள் மின்னின. பால்மரம் வெட்டியே வாழ்நாளைக் கழித்த பாட்டி ஒருவர் மேடையேறித் தாலாட்டுப் பாடும் காட்சியும் அதில் இருந்தது. பாட்டியின் வாய் அசைந்தது. கேட்டதோ திரைப்படப் பாடல்!

"ஒரே இரைச்சல் சார், அதனால்தான் பாட்டுப் போட்டேன்" என்றார் கடைக்காரர். அவரை மட்டும் நொந்து பயனில்லை. வட்டுதான் வந்துவிட்டதே என்று அலமாரியைத் துப்புரவு செய்தபோது மூல நாடாவை எறிந்துவிட்டவர்கள் நாங்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுப் பதிவுகளை வட்டுக்கு ஆயத்தம் செய்யும்போது நாம் படத்தையே பார்க்கிறோம். ஒலியை இரண்டாந்தரமாக நினைக்கிறோம். இது தவறு என்பதே என் கருத்து. முகங்களுக்கு நிழற்படங்கள் உண்டு. பாட்டியின் தோட்டத்துத் தமிழுக்கும், மழலை மாறாத முதலாம் ஆண்டு மாணவனின் பேச்சுக்கும் அந்த நாடாவை விட்டால் வேறு சான்று ஏது?

நாடாவின் இரைச்சலைக் குறைக்க மென்பொருள்கள் உண்டு. ஆனால் அளவு மீறினால், பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டுமே. இயன்றால் ஒலியைச் சுருக்காமலே வட்டில் இடுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 690 மெகாபைட்தான் பிடிக்கும். கணினியில் ஏற்றும்போது படச் சட்டங்கள் சில விடுபட்டுப்போனால் ஒலி சிறிது சிறிதாக விலகும். தொடக்கத்தில் சரியாக இருப்பது கடைசி நடனத்தில் தாளம் தப்பி நிற்கும். ஆகவே பதிவின் இறுதிப் பகுதியையும் கேட்டுப் பார்த்த பிறகே வட்டில் பதியுங்கள்.

நம் நாட்டில் எடுத்த பழைய பதிவுகள் பெரும்பாலும் பால் முறையில், நொடிக்கு 25 படங்களாக இருப்பவை. மென்பொருள் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பிள்ளைகளின் ஆட்டம் வெட்டி வெட்டித் தெரியும். 4.7 கிகாபைட் வட்டில் ஒரு மணி நேரப் பதிவு நன்றாக அமையும். இரண்டு மணி நேரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். "ஒரே வட்டில் முழு விழாவும் வேண்டும்" என்று நான்கு மணி நேரத்தைத் திணித்தால், ஆடும் பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு ரிங்கிட்டை மிச்சப்படுத்த அது தேவைதானா?

இக்காலத்தில் வட்டு எதற்கு என்று இளைய ஆசிரியர்கள் கேட்கின்றனர். மடிக்கணினிகளில் வட்டு போடும் வாயே இல்லை என்பது உண்மைதான். ஆயினும், தொலைக்காட்சிக்குக் கீழே பழைய டிவிடி கருவியை வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அதுவே எளிது. அவர்களுக்காக வட்டு செய்வதில் தவறில்லை. அதையே கருவூலமாகக் கருதுவதுதான் தவறு. வட்டுக்காகப் படத்தைச் சுருக்கும்போது இழந்ததை மீட்க முடியாது. வீட்டில் எழுதும் வட்டின் சாயப்பூச்சும் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் காலப்போக்கில் கெடும். எனவே சுருக்காத கோப்பை இரண்டு வன்தட்டுகளில் இரண்டு வீடுகளில் வையுங்கள். மூல நாடாவையும் எறியாதீர்கள். நாடா ஓட்டும் கருவிகளின் உற்பத்தி 2016லேயே நின்றுவிட்டது. இருக்கும் கருவிகள் பழுதாகுமுன் இவ்வேலையை முடித்தாக வேண்டும்.

அந்தப் பாட்டியின் பேத்தி இவ்வாண்டு தம் மகனை நம் பள்ளியில் சேர்த்துள்ளார். "பாட்டி பாடியது பள்ளியில் இருக்கிறதாமே, ஐயா?" என்று கேட்டார். வட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

1997 விழாவில் வேறு பெற்றோரும் படக்கருவியோடு வந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் அந்த நாடா இருந்தால், வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தாலும் எறிய வேண்டா. கருவியில் போட்டுப் பார்க்கவும் வேண்டா, நாடாவும் கருவியும் சேர்ந்து கெடும். அப்படியே பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.