ஸ்கிரிப்ட்டை பிளாக் செய்தால் பாதுகாப்பா? திருப்பதி முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வரை

எலப்புள்ளியில் இருந்து வாளையார் தாண்டி கோவைக்கு வேலைக்குப் போகிறவரோ, வீட்டில் இருந்தே லாகின் செய்கிறவரோ, நீங்கள் திறக்கும் ஏறக்குறைய எல்லா இணையப் பக்கமும் உங்கள் கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுகிறது. உங்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. இதைத் தடுத்துவிடலாமா?

ஏன் தடுக்கச் சொல்கிறார்கள்?

2018 செப்டம்பரில், திருப்பதி மாநகராட்சி உள்ளிட்ட ஆந்திர அரசுத் தளங்களில் 'காயின்ஹைவ்' ஸ்கிரிப்ட் ஓடுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தளத்துக்கு வந்தவரின் பிராசஸரில் மொனேரோ கிரிப்டோ நாணயத்தை யாரோ சம்பாதிக்கும் வேலை அது. அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று, பக்கத்தை வாசித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' ஸ்கிரிப்ட்டில் கைவைத்தார்கள். அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் அதிகமான தளங்களில் காயின்ஹைவ் புகுந்தது. பிரிட்டனில் தனியுரிமையைக் காக்கும் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் தப்பவில்லை.

கவனியுங்கள், இங்கே அந்தத் தளங்களை யாரும் உடைக்கவில்லை. அவை இரவல் வாங்கிய ஸ்கிரிப்ட்தான் கெட்டுப்போனது. 2024 ஜூனில் 'பாலிஃபில்.ஐஓ' விவகாரத்திலும் இதுதான் கதை: அந்த டொமைன் கைமாறியது, அதை நம்பியிருந்த 1 லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் சிக்கின.

அப்போ மொத்தமாக பிளாக் செய்யலாமா?

'நோஸ்கிரிப்ட்' மாதிரியான எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் தடுக்கும். வேண்டியதை நீங்கள் அனுமதிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், நெட் பேங்கிங், டிக்கெட் புக்கிங், பேமென்ட் பக்கம் எதுவும் ஸ்கிரிப்ட் இல்லாமல் நகராது. நாலு தடவை பக்கம் உடைந்தால், ஐந்தாவது தடவை எதையும் பார்க்காமல் 'அனுமதி' அழுத்திவிடுவீர்கள்.

இன்னொன்று: 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸில் கார்டு விவரங்களைத் திருடிய 22 வரி நிரல், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே இருந்தது. நம்பி அனுமதித்திருந்தால் அதுவும் சேர்ந்தே ஓடியிருக்கும்.

சரி, என்னதான் செய்வது?

பெரும்பாலானோருக்கு நடுவழி போதும். 'யூபிளாக் ஆரிஜின்' போன்ற பிளாக்கர், விளம்பரங்களையும் தெரிந்த தீய ஸ்கிரிப்ட்டுகளையும் மட்டும் தடுக்கும். விளம்பர மோசடியைத் தவிர்க்க ஆட் பிளாக்கர் பயன்படுத்தலாம் என்று 2022 டிசம்பரில் எஃப்பிஐ-யே சொன்னது. பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வங்கி வேலைக்குத் தனி புரொஃபைல் வையுங்கள். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். நீங்கள் தரும் அனுமதியைப் பொறுத்து, அவையும் உங்கள் பக்கங்களைப் படிக்க முடியும். ரகசிய ஆதாரங்களைக் கையாளும் பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் என்றால் நோஸ்கிரிப்ட்டின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நீங்களே தளம் கட்டுகிறவரா? வெளி ஸ்கிரிப்ட் மாறியிருந்தால் ஓடவிடாமல் நிறுத்தும் 'சப்ரிசோர்ஸ் இன்டெக்ரிட்டி' என்ற சோதனை இருக்கிறது. பிரவுஸ்அலவுட் தாக்குதலை அந்த ஒரு வரி தடுத்திருக்கும். உங்கள் அடுத்த ரிலீஸுக்கு முன் அதைச் சேர்த்துவிடுங்கள்.