பல் டாக்டர் கேட்ட 400 ரூபாய்



போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, கொரோனா சமயத்தில் பல் டாக்டர்கள் 'கிட்' காசு என்று சொல்லி நன்றாகக் கறந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே காசுக்காக ஒரு டாக்டரம்மாவிடம் நின்று சண்டை போட்டவள் நான். சகோதரிக்குப் பதில் என்பதைவிட, இத்தனை வருஷமாக என் மனசில் உறுத்திக் கொண்டிருப்பதை இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் வீடு அம்பத்தூரில். 2020 மார்ச்சில் எனக்கு இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. நம் பெண்களுக்கு வழக்கம்தானே, பிள்ளைக்கு ஃபீஸ், மாமியாருக்கு மாத்திரை எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் நம் பல். கிராம்பை வைத்து வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு டாக்டரம்மா கிளினிக் வைத்திருந்தார். என் வயசுதான் இருக்கும். 'ரூட் கெனால்' செய்ய வேண்டும் என்று ஆரம்பித்து, வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். "மார்ச் 26-ம் தேதி வாங்க அக்கா, முடிச்சிடலாம்" என்றார்.

22-ம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் நின்று டாக்டர்களுக்காகக் கை தட்டினோம். என் பெண் எவர்சில்வர் தட்டையே நெளித்துவிட்டாள். 24-ம் தேதி ராத்திரி பிரதமர் டி.வி.யில் வந்து 21 நாள் ஊரடங்கு என்றார். 21 நாள்தானே, பல் பொறுக்கும் என்று நினைத்தேன்.

தற்காலிக அடைப்பு என்பது சில வாரத்துக்குத்தான் தாங்குமாம். ஏப்ரல் கடைசியில் பொழுதுபோகாமல் வீட்டில் சுட்ட முறுக்கைக் கடித்தேன், அடைப்பு கையோடு வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். திட்டுவாரோ என்று பயம். அவர் பொறுமையாக, வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாய் திறக்க முடிகிறதா, முழுங்கும்போது சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண் டார்ச் அடிக்க, என் கணவர் வாயைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மருந்து எழுதி அனுப்பினார் டாக்டரம்மா. மே மாசம் முழுக்க அப்படி நாலைந்து தடவை. இதற்கு ஒரு பைசா அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை!

அவர் கிளினிக்கைத் திறந்தால் என்ன என்று எனக்கு அப்போது கோபம். காரணம் பிறகுதான் புரிந்தது. பல்லைக் குடைகிற அந்த மெஷின் நிமிஷத்துக்கு மூன்று லட்சம், நாலு லட்சம் தடவை சுற்றுமாம். சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீச்சும். அந்தத் தண்ணீர் நம் எச்சிலோடு சேர்ந்து புகை மாதிரி எழும்பி அறைக்காற்றில் நிற்கும். டாக்டர் முகம் நம் வாய்க்கு ஒரு ஜாண் தூரத்தில். மற்ற டாக்டர்களிடம் முகமூடி போட்டுக் கொண்டு காட்டலாம், பல் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது? 2020 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ், எந்த வேலைக்கு ஆபத்து அதிகம் என்று படம் போட்டுக் காட்டியபோது பல் டாக்டரும் பல் சுத்தம் செய்கிறவர்களும் உச்சியில் இருந்தார்கள். நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மே 19-ல் பல் மருத்துவமனைகளுக்கென்றே விதிமுறை வெளியிட்டது. அடைக்கப்பட்ட பகுதிகளில் திறக்கவே கூடாது, போனில் ஆலோசனை மட்டும். சிவப்பு மண்டலத்தில் அவசரம் என்றால்தான் கை வைக்கலாம். நம் சென்னை அப்போது சிவப்பு. கோயம்பேடு மார்க்கெட்டையே மூடிவிட்டிருந்தார்கள், எங்கள் பக்கம் தகரம் அடிக்காத தெரு குறைவு. கோட்டை ஸ்டேஷன் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். மற்ற நாளில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். ரயிலே ஓடாதபோது எப்படிப் போவது?

ஜூன் இரண்டாம் வாரம் என் கன்னம் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. இப்போது அவசரம்தான் என்று டாக்டரம்மாவே வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் ஆளே அடையாளம் தெரியவில்லை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை, இரண்டு முகமூடி, அதற்கு மேல் கண்ணாடித்தடுப்பு. ஏ.சி. இல்லை, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. உடைக்குள் வேர்த்து அவர் கையுறை வழியாகத் தண்ணீர் சொட்டியது, பொய்யில்லை. முதலில் மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னார். பல் பிளந்துவிட்டது அக்கா, காப்பாற்ற முடியாது என்றார். எடுத்துவிட்டார்.

பில் 1,000 ரூபாய். பல்லுக்கு 600, உடைக்கு 400. எனக்கு வந்ததே கோபம்! என் கணவர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரண்டு மாசம் சம்பளம் இல்லை. "மூன்று அடுக்கு முகமூடியைப் பத்து ரூபாய்க்குத்தான் விற்கணும்னு கவர்மெண்டே விலை வெச்சிருக்கு, நீங்க 400 கேக்கறீங்களே, நியாயமா?" என்று சத்தம் போட்டேன். அவர் பதில் பேசவில்லை. 200-ஐக் குறைத்துக் கொண்டார். நானும் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாசம் கழித்து, கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திருமுல்லைவாயல் பெண். வீட்டு வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வந்திருந்தாள். டாக்டரம்மா இரண்டு மாசம் பாதிச் சம்பளம் கொடுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் அழுதுகொண்டே நிறுத்தினாராம். அவள் சொல்லித்தான் கணக்கு தெரிந்தது. அந்த உடையை ஒரு தடவைதான் போட முடியும். கழற்றி மஞ்சள் பையில் போட்டால், எடுத்துப் போகிற கம்பெனிக்குத் தனியாகக் காசு. ஒருவர் போனதும் அறையைத் துடைத்து, காற்றாட விட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். முன்பு ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் வந்த இடத்தில் நாலு பேர். வாடகை குறையவில்லை. நாற்காலிக்கு வாங்கிய கடனுக்கு ஆகஸ்ட் வரை தவணை தள்ளிப் போட்டார்கள், வட்டி தள்ளிப் போகவில்லை. நம் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள், டாக்டர் வீட்டில் அப்படி இருக்கும் என்று யார் நினைக்கிறோம்?

அந்த உடை வீண் செலவும் இல்லை. அமெரிக்காவில் 2020 ஜூனில் பல் டாக்டர்களிடம் எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் தொற்று இருந்ததாம். அத்தனை ஆபத்தான வேலையில் அவ்வளவு குறைவு என்றால் சும்மாவா வந்தது?

சகோதரி சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. சில இடங்களில் பில் இல்லாமல் வாங்கினார்கள், முகமூடி எல்லாம் போன பிறகும் அந்தக் காசு மட்டும் போகவில்லை. அதைத் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். என்ன செலவு என்று வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தால் எனக்கும் அன்று வாய் நீண்டிருக்காது. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

2021 மே மாசம் இரண்டாவது அலையில் எங்கள் தெருக்கோடி வீட்டு அண்ணன் கொரோனாவிலிருந்து தேறி வந்தார். சர்க்கரை உண்டு. மேல்வரிசைப் பல் நாலு திடீரென்று ஆடுகிறது என்று இந்த டாக்டரம்மாவிடம்தான் போனார். பல்லைப் பிடுங்கிக் காசு வாங்கியிருக்கலாம். அவர் அண்ணத்தைப் பார்த்துவிட்டு, "இது பல் வியாதி இல்லை, கறுப்புப் பூஞ்சையாக இருக்கலாம், இன்றைக்கே ஜி.எச். போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சொன்னதும் அந்த மாசம்தான். அண்ணனுக்கு மேல்தாடையில் ஒரு பக்கம் போனது, உயிரும் கண்ணும் தப்பித்தது.

அந்த ஜூலையில் கிளினிக்கை மூடிவிட்டார். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். பல்வலி என்றால் மெயின் ரோட்டில் பெரிய கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். தவணையில் கட்டலாம் என்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டால் மறுநாள் பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லி ஒரு பதிவு செய்த குரல் பேசுகிறது.

இன்னொரு தடவை இப்படி ஒரு நோய் வந்தால், பாதியில் நிற்கிற வைத்தியத்தையும் அவசரக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டுக் கொள்கிறேன். என் பல் போனது அதனால்தான். போனில் வைத்தியம் சொல்கிற டாக்டருக்கு நூறோ இருநூறோ நாமாகவே அனுப்ப வேண்டும் என்று சகோதரிகளைக் கேட்டுக் கொள்கிறேன்.

டாக்டரம்மா இப்போது வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருக்கிறார். போன பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினேன். அந்த 200 ரூபாயைப் பற்றி எழுதி எழுதி அழித்தேன். அவரிடமிருந்து பதில் வந்தது: "பொங்கல் வாழ்த்துகள் அக்கா. அந்த இடத்தில் பல் கட்டிட்டீங்களா?"

இன்னும் கட்டவில்லை.

— ஓர் இல்லத்தரசி,
அம்பத்தூர், சென்னை - 53.