ஆல்பமெல்லாம் வேணாம், சினிமா பாட்டு போடுங்கண்ணா!

நம்ம ஊரில் ஒரு ராக் பேண்ட் மேடை ஏறினால், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தே தீரும். "சினிமா பாட்டு போடுங்கண்ணா!" அந்தக் குரலுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு. அது உன் குரலாக இருந்தால், மச்சி, கோவிச்சுக்காம முழுசா படிச்சுட்டு திட்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அகம் என்று ஒரு ராக் குழு. பெயர் தமிழ், ஊர் பெங்களூரு. தியாகராஜர் கீர்த்தனையை எலெக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் வாசிப்பவர்கள், சொந்தமாகத் தமிழிலும் பாட்டு எழுதுபவர்கள். 2003-ல் ஆரம்பித்தார்கள். 2007-ல் சன் டிவியில் ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த 'ஊ லலலா' போட்டியில் ஜெயித்தார்கள். முதல் ஆல்பம் 2012-ல், இரண்டாவது 2017-ல். மூன்றாவதான 'அரைவல் ஆஃப் தி எதீரியல்' 2025-ல்தான் வந்தது. ஆக, 22 வருஷத்தில் மூன்றே ஆல்பம்! ஒரு பிசியான சினிமா இசையமைப்பாளர் இதை ஒரே வருஷத்தில் தாண்டிவிடுவார்.

சோம்பேறிகளா அவர்கள்? இல்லைங்க. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மென்பொருள் உலகில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். மூன்றாவது ஆல்பத்தில் ஸ்ரேயா கோஷல் பாடியிருக்கிறார், செக் நாட்டு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்திருக்கிறது. இதற்கெல்லாம் முதலில் யாராவது காசு போட வேண்டும். சினிமா பாட்டுக்குத் தயாரிப்பாளர் இருக்கிறார், ஆடியோ உரிமை வாங்க கம்பெனி இருக்கிறது, ஹீரோ முகம் இருக்கிறது. ஆல்பத்துக்கு அதெல்லாம் கிடையாது. ஸ்டூடியோ வாடகை, மிக்ஸிங், மாஸ்டரிங் என்று பெரும்பாலும் குழுவேதான் பணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். போட்ட காசு எங்கிருந்து திரும்பும்? ஆன்லைனில் ஒரு தடவை கேட்டால் சில பைசாதான். சிடி காலம் முடிந்துபோச்சு. மிச்சம் இருப்பது ஒரே வழி: புது ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், டிக்கெட் போட்டு வாசிப்பது. டூர் என்பது பந்தா இல்லை மக்களே, அதுதான் அறுவடை.

சரி, அந்த டூர் மேப்பில் கோயம்புத்தூர் எங்கே?

கேட்டால், "எங்க காலேஜுக்கு வந்தாங்களே, ப்ரோ-ஷோல பார்த்தோமே" என்பீர்கள். அங்கேதான் பிரச்சினையே. கல்ச்சுரல்ஸ் ப்ரோ-ஷோ எப்படி நடக்கிறது? நிர்வாகம் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறது. மேடையின் இரண்டு பக்கமும் ஸ்பான்சர் பேனர். கேட்டில் ஐடி கார்டு பார்த்து உள்ளே விடுவார்கள். பீளமேட்டில் நடக்கிற நிகழ்ச்சிக்கு காந்திபுரத்திலிருந்து ஒருத்தர் காசு கொடுத்து வர நினைத்தாலும் முடியாது. உள்ளே நிற்கும் ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேர் அந்தக் குழுவுக்காக வந்தவர்கள், எத்தனை பேர் கிளாஸ் இல்லையென்று வந்தவர்கள்? யாருக்கும் தெரியாது. குழுவுக்கு ஒரு நாள் சம்பளம் கிடைக்கிறது, ரசிகர்கள் கிடைப்பதில்லை. அதுவே டிக்கெட் போட்ட அரங்கில் 500 பேர் உட்கார்ந்தால், "கோவையில் எங்களுக்கு 500 பேர் இருக்காங்க" என்று அந்தக் குழுவுக்குத் தெரியும். அடுத்த ஆல்பத்துக்கும் வண்டி இந்தப் பக்கம் திரும்பும்.

"கோவைக்காரங்களுக்கு ரசனை இல்லை" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி எந்த ஊர்? நம்ம ஊர். 2011-ல் 'கிளப்புல மப்புல' பரவியபோது அதற்குப் பின்னால் எந்தப் படமும் இல்லை. 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தபோதும் இல்லை. அந்தப் பாட்டு சரியா தப்பா என்று அடித்துக்கொண்டோமே தவிர, "எந்தப் படம்?" என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் 2015-ல் 'ஆம்பள' வந்ததும் ஊர் என்ன சொன்னது? "பையன் ஜெயிச்சுட்டான்." அப்போ ஆல்பம் போட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார், தோற்றுக்கொண்டா இருந்தார்? நம் மண்டையில் இசை என்பது சினிமாவின் வெயிட்டிங் ரூம். அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

வாளையார் தாண்டினால் இன்னொரு உதாரணம். கொச்சியின் 'தைக்குடம் பிரிட்ஜ்'. அவர்களும் 2013-ல் கப்பா டிவியில் பழைய சினிமா பாட்டுகளைக் கோர்த்துப் பாடித்தான் பிரபலமானார்கள். ஒத்துக்கொள்கிறேன், தெரிந்த பாட்டு ஒரு நல்ல வாசற்படி. ஆனால் அங்கே கேட்டவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிடவில்லை. 2015-ல் 'நவரசம்', 2019-ல் 'நமஹ்' என்று சொந்த ஆல்பங்கள் வர இடம் கொடுத்தார்கள். நமக்கோ, அந்தக் குழுவின் கோவிந்த் வசந்தாவை 2018-ல் '96' படம் வந்தபிறகுதான் தெரியும். 'நவரசம்' பாட்டை எப்போது தேடினோம்? 2022-ல், 'காந்தாரா'வின் 'வராஹ ரூபம்' எங்கள் பாட்டைப் போல இருக்கிறது என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனபோது. வழக்கின் சரி தப்பு இருக்கட்டும். ஒரு ஆல்பம் பாட்டு நம் காதுக்கு வந்துசேர ஏழு வருஷமும் ஒரு சினிமாப் பஞ்சாயத்தும் தேவைப்பட்டதே, அது யார் தப்பு?

"ராஜா, ரஹ்மான் இருக்கும்போது இவங்க எதுக்கு?" என்று ஒரு கேள்வி வரும். அதே ராஜாதான் 1986-ல் 'ஹௌ டு நேம் இட்', 1988-ல் 'நத்திங் பட் விண்ட்' என்று படமே இல்லாமல் ஆல்பம் போட்டார். அதே ரஹ்மான் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர்களுக்கே சினிமா மட்டும் போதவில்லை. ரசிகனுக்கு மட்டும் போதுமாம்!

"காசு இல்ல மச்சி" என்பது அடுத்தது. முதல் நாள் முதல் காட்சிக்குக் கைமாத்து வாங்குகிறவன் இதைச் சொல்லக் கூடாது.

சும்மா திட்டிவிட்டுப் போக வரவில்லை. மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, ப்ரோ-ஷோவுக்கு ஒரு குழுவைக் கூப்பிட்டால் பாதி நேரமாவது அவர்கள் சொந்தப் பாட்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இரண்டு, வெளியாட்களுக்கும் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குங்கள். மூன்று, நம் கல்லூரி பேண்ட் போட்டிகளில் ஒரு சொந்தப் பாட்டு கட்டாயம் என்று விதி போடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். நம் கிளாஸிலேயே கிட்டார் வாசிப்பவன் இருக்கிறான், டிரம்ஸ் வாசிப்பவன் இருக்கிறான். நாலு வருஷமும் அடுத்தவர் பாட்டையே வாசித்துவிட்டு, ஃபேர்வெல் அன்று கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டுக் கேம்பஸ் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பாட்டை நாம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்கவே விட்டதில்லை. அகத்துக்கு 22 வருஷம் தாங்கும் பொறுமை இருந்தது. எல்லோருக்கும் இருக்காது.

2023 டிசம்பரில் கோவைக்கும் பெங்களூருக்கும் நடுவே வந்தே பாரத் விட்டார்கள். நாம் அதில் ஏறிப்போய் அங்கே கச்சேரி பார்த்துவிட்டு வரலாம். அதைவிட, அவர்கள் அதில் ஏறி இங்கே வருகிற மாதிரி செய்வது நல்லது.

டிஸ்கி: குத்துப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. கல்யாண ரிசப்ஷனில் முதல் ஆட்டம் நம்மளுதுதான். ஆனா அது ரிசப்ஷன், இது கச்சேரி :-)