வாயேகாஸ் மைதானத்தை நகர்த்தச் சொல்வது யார்?

ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் தென்கிழக்கே உள்ள வாயேகாஸ், உழைக்கும் மக்களின் குடியிருப்பு. அதன் நடுவே, அடுக்குமாடி வீடுகள் நெருக்கி நிற்க, ஏறக்குறைய 14,000 பேர் அமரக்கூடிய ஒரு கால்பந்து மைதானம். மூன்று பக்கம்தான் இருக்கைகள். நான்காம் பக்கம், கோல் கம்பத்துக்குப் பின்னால், வெறும் சுவர். சுவருக்கு அப்பாலுள்ள பால்கனிகளில் நின்று சீட்டு வாங்காமலேயே ஆட்டம் பார்ப்போர் உண்டு. இடம் போதாது, கட்டடம் பழையது, ஆகவே ராயோ வாயேகானோ அணி வேறிடம் போக வேண்டும் என்று வலதுசாரி மக்கள் கட்சி ஆளும் பிராந்திய அரசும் கிளப் முதலாளியும் பேசத் தொடங்கியுள்ளனர்.

எந்த மண்ணிலிருந்து போகச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1950 வரை வாயேகாஸ் தனி நகராட்சி. உள்நாட்டுப் போரில் பாசிச விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. துளைபட்ட சுவரின் முன் குழந்தைகள் அமர்ந்திருக்கும் ராபர்ட் காப்பாவின் புகைப்படம் இப்பகுதியில் எடுத்ததே. பின்னர் ஆந்தலூசியாவிலிருந்தும் எக்ஸ்த்ரெமதுராவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள், காவலர் கண்ணில் படாமல் ஓரிரவில் குடிசைக்குக் கூரை போட்டுக் குடியேறினர். ஃபிராங்கோவின் கொடுங்கோலாட்சியிலேயே குடியிருப்போர் சங்கங்கள் கட்டி, வீட்டுக்காகப் போராடினர். 1924இல் கணவனை இழந்த ஒரு பெண்மணியின் வீட்டில் பிறந்த ராயோ அணிக்கு, ஃபிராங்கோ இறந்து சில மாதங்களில், 1976இல் இம்மைதானம் திறக்கப்பட்டது.

ரசிகர்கள் இங்கே கொடி மட்டும் அசைப்பதில்லை. 2014இல், 85 வயது மூதாட்டி ஒருவர் கடனுக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, பயிற்சியாளர் பாகோ ஹெமெஸும் வீரர்களும் கிளப்பும் அவருக்கு வாடகை தர முன்வந்தனர். வங்கிகளை மீட்கக் கோடிகளைக் கொட்டிய அரசு செய்யாததை ஒரு கால்பந்து அணி செய்தது!

"உணர்ச்சிவசப்படாதீர்கள், முதல் பிரிவில் ஆடும் அணிக்கு நவீன அரங்கம் வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த மைதானம் பிராந்திய அரசின் சொத்து, அதாவது மக்கள் சொத்து. பராமரிப்பு யார் பொறுப்பு என்று அரசும் கிளப்பும் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக் காலம் கடத்தினர். பராமரிக்காமல் விட்டவர்களே இப்போது அதன் பழுதைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அரசு மருத்துவமனையையும் பள்ளியையும் நலியவிட்டு, பிறகு "தனியாரிடம் விடுவோம்" என்போரை நாம் அறியாதவர்களா? 1,32,000 இருக்கைகளோடு அரங்கம் எழுப்பி, 2021இல் அதற்கு உயிரோடிருக்கும் பிரதமரின் பெயரைச் சூட்டிய நாட்டில் வாழ்கிறோம். அரங்கத்தின் பருமனைக் கொண்டு விளையாட்டை அளக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல.

நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அணி வெளியேறினால் காலியாகும் இடம் என்னவாகும் என்ற கேள்விக்கு, குடியிருப்போரைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழி கேட்பது நியாயம். நடந்துபோய் ஆட்டம் பார்க்கும் முதியவரும் சிறுவரும் நெடுஞ்சாலையோர அரங்கத்துக்கு எப்படிப் போவார்கள் என்பதும் கேள்வியே.

மைதானத்தை நகர்த்தக்கூடாது என்று ரசிகர்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். பிராந்திய அரசு முதலில் தன் கட்டடத்தின் கழிப்பறைகளையும் கூரையையும் செப்பனிடட்டும். கிளப் முதலாளி, பருவச் சீட்டுக்காக மக்களை ஜன்னல் முன் மணிக்கணக்கில் வரிசையில் நிறுத்துவதை நிறுத்தட்டும். இடம் போதுமா போதாதா என்பதை அதன்பின் வாயேகாஸ் மக்களோடு உட்கார்ந்து பேசலாம்.